குரோஷா தெரிந்தவர்கள் இரட்டை ஊசிப் பின்னலுக்கு மாற: முழுமையான வழிகாட்டி

குரோஷாவில் மேசை விரிப்பும் வாசல் தோரணமும் போடத் தெரிந்த ஒருவர் ஸ்வெட்டர் ஊசியைக் கையில் எடுக்கும்போது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. நூலை விரல்களுக்கிடையில் ஓடவிட்டு அதன் இறுக்கத்தைப் பார்த்துக்கொள்வது, வரிசைக்கு வரிசை எண்ணுவது, தப்பு நேர்ந்தால் சலிக்காமல் பிரிப்பது எல்லாம் புதிதாக வருபவர்களுக்கு வாரக்கணக்கில் பிடிபடாது. உங்களுக்கு அது கைப்பழக்கம். அப்படியும் பலர் நாலு நாளில் ஊசியை மூலையில் வைத்துவிடுகிறார்கள். வீடியோவில் வருபவர் வலது கையில் நூல் பிடிக்கிறார் என்று இவர்களும் தங்கள் இடது கைப் பழக்கத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். அதை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடது கையையும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் குரோஷா ஊசியையும் நம்பியே போகிறது.

சேலத்து வெயிலுக்கு எதற்கு உல்லன் என்று வீட்டில் கேட்பார்கள். அடிவாரத்தில் பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு கடந்தால் ஏற்காடு, 1,515 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் ஒண்டிக்கடைப் பக்கம் டீ குடிக்க நிற்பவர்களின் காதைப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். அதனால் இங்கே முதலில் பின்னப்போவது காது மறைக்கும் பட்டை. அப்புறம் ஒரு குல்லா.

முதலில் ஒரு பனியன்

ஊசி வாங்கப் போகும் முன் வீட்டில் இருக்கும் பனியன் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன V வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நேர் வரிசையில் ஏறிப் போகும். உள்பக்கம் திருப்பினால் குறுக்கே மேடு மேடாக இருக்கும். நீங்கள் கற்கப்போவது இதைத்தான். V தெரியும் பக்கம் நிட், மேடு தெரியும் பக்கம் பர்ல். இரண்டும் வேறு வேறு கண்ணிகள் இல்லை. ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான். இது மனதில் பதிந்துவிட்டால் பின்னல் குறிப்புகளில் பாதிக் குழப்பம் போய்விடும்.

சேலம் அம்மாப்பேட்டைத் தறியில் நெய்யும் துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் துணி இழுபடாது. பனியனிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணிக்குள் கண்ணியாகப் போகிறது. இழுத்தால் வளைவு நிமிர்ந்து கொடுக்கும், விட்டால் திரும்பி வரும். குரோஷாத் துணியும் கண்ணிதான். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் நீங்கள் அங்கேயே முடித்துக் கட்டிவிடுவதால் அது தடித்து, இவ்வளவு நெகிழாமல் நிற்கும். தலையோடு ஒட்டி உட்கார வேண்டிய குல்லாவுக்கும் காலுறைக்கும் இரட்டை ஊசி பொருந்துவது இதனால்தான். கூடை, பொம்மை, தோரணம் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டியவற்றுக்கு குரோஷாவை மிஞ்ச எதுவும் கிடையாது.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய பனியனைக் கத்தரித்தால் வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். நீங்கள் ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னும் துண்டும் அப்படியே சுருளும். அது உங்கள் கைக்குறை இல்லை, அந்தப் பின்னலின் குணம். தண்ணீரில் நனைத்து விரித்தாலும் அது முழுக்கப் போகாது.

வாங்க வேண்டியவை

சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் தையல் சாமான், ஃபேன்சி ஸ்டோர்களில் கேட்டுப் பாருங்கள். நம் கடைகளில் ஊசியைப் பழைய நம்பரில்தான் சொல்வார்கள். நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு: 10 என்றால் 3.25 மி.மீ., 8 என்றால் 4 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. உங்களுக்கு வேண்டியது 8ஆம் நம்பர், அதாவது 4 மி.மீ.

நேர் ஊசி ஜோடியைவிட, நடுவில் வயர் இருக்கும் வட்ட ஊசியையே நான் சொல்வேன். 80 செ.மீ. நீளம் போதும். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்று இல்லை. ஒரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து நேர்த்துண்டும் பின்னலாம். குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைக் கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டுப் பைக்குள் போட்டுவிடலாம். இங்கே வரிசையில் இருக்கும் அத்தனை கண்ணியும் திறந்தே இருக்கும். ஏற்காடு பஸ்ஸில் ஒரு வளைவு திரும்பினால் போதும், நேர் ஊசியிலிருந்து பத்துக் கண்ணி நழுவிவிடும். வட்ட ஊசியில் எல்லாக் கண்ணியையும் வயர் மேல் தள்ளிவிட்டால் பயமில்லை.

சேலத்தில் உட்கார்ந்து பின்னுபவர்கள் மூங்கில் அல்லது மர ஊசி வாங்குங்கள். வியர்த்த கையில் உலோக ஊசி வழுக்கும், மூங்கில் கண்ணியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். கை பழகிய பிறகு உலோகத்துக்குப் போனால் வேகம் கிடைக்கும்.

நூல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குரோஷாவுக்கு வாங்கிய காட்டன் நூல் உருண்டை வீட்டில் மீதி இருக்கும், அதிலேயே ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். பருத்தி நெகிழாது, கண்ணிகள் ஏற்ற இறக்கமாக இருந்தால் அப்படியே காட்டிக்கொடுக்கும், விரலும் வலிக்கும். 8 ப்ளை (இது நூலின் பருமன்) அக்ரிலிக் உல்லன், வெளிர் நிறம், புசுபுசுவென்று முடி இல்லாதது; இதுதான் முதல் நூல். கறுப்பும் கருநீலமும் மூன்றாவது நான்காவது வேலைக்கு இருக்கட்டும். பட்டைக்கு 50 கிராம் போதும். குல்லாவுக்கு 100 கிராம் வாங்கினால் தாராளம்.

கூடவே 3.5 அல்லது 4 மி.மீ. குரோஷா ஊசி ஒன்று. லேஸுக்கு வைத்திருக்கும் மெல்லிய இரும்பு ஊசி ஆகாது, அது உல்லன் இழையைப் பிளந்துவிடும்.

கண்ணி ஏற்றுவது

பெரும்பாலான பாடங்கள் நீண்ட வால் முறையில் ஆரம்பிக்கும். அதில் எவ்வளவு நூல் விட வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டும், கட்டைவிரலுக்கு ஒரு புது அசைவும் பழக வேண்டும். உங்களுக்கு அதற்கு இப்போது அவசியமே இல்லை. செயின் போடத் தெரியும் அல்லவா, அது போதும்.

குரோஷா ஊசியில் வழக்கமான முதல் முடிச்சைப் போடுங்கள். இடது கையில் பின்னல் ஊசியையும் நூலையும் பிடியுங்கள். நூல், பின்னல் ஊசிக்குப் பின்னால் இருக்கட்டும். குரோஷா ஊசியை முன்னால் குறுக்காக வைத்து, பின்னல் ஊசிக்கு மேலாக எட்டி நூலைக் கொக்கியில் பிடித்து, இருக்கும் கண்ணிக்குள் இழுங்கள். ஒரு செயின் ஆகிவிட்டது. ஆனால் அது பின்னல் ஊசியைச் சுற்றிப் பிடித்திருக்கும். அதுதான் உங்கள் முதல் கண்ணி. இப்போது நூலை ஊசிக்கு அடியாகக் கொண்டுபோய்த் திரும்பப் பின்னால் விடுங்கள். இந்த அடியாகக் கொண்டுபோவதை மறந்தால் அடுத்த செயின் ஊசியைப் பிடிக்காமல் வெறுமனே தொங்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். 22 கண்ணி வேண்டும் என்றால் 21 வரை இப்படிப் போட்டுவிட்டு, கொக்கியில் மிஞ்சும் கண்ணியை 22ஆவதாகப் பின்னல் ஊசியில் மாட்டிவிடலாம்.

ஓரத்தில் அழகான செயின் வரிசை விழும். கடைசியில் முடிக்கும் ஓரமும் இதே மாதிரிதான் வரும் என்பதால் இரண்டு முனையும் ஒத்துப்போகும்.

நிட் கண்ணி

கண்ணிகள் இருக்கும் ஊசி இடது கையில், காலி ஊசி வலது கையில். நூலை குரோஷாவுக்குப் பிடிப்பது போலவே இடது கையில் பிடியுங்கள்: சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஆள்காட்டி விரலுக்கு மேல். விரலை ஊசிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். குரோஷாவில் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு இங்கே தூக்க வேண்டியதில்லை.

நூல் பின்னலுக்குப் பின்னால். வலது ஊசியின் நுனியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாக நுழையுங்கள். நுனி இடது ஊசிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். அங்கே விரலில் இருக்கும் நூலை நுனியால் வாரி, அதே வழியாக முன்னால் கொண்டு வாருங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி உட்கார்ந்திருக்கும்.

வாருவது நீங்கள் நன்கு அறிந்த அசைவு. ஆனால் இந்த ஊசிக்குக் கொக்கி கிடையாது. அதனால் நூல் நுனியிலிருந்து தப்பிப் போகும். அதற்காக நூலை இறுக்கிக் கட்டாமல், வாரியதும் நுனியைச் சற்றுக் கீழே சாய்த்து இழுத்தால் நூல் நிற்கும். முதல் நாள் முழுக்க இந்தச் சாய்ப்பு ஒன்றைப் பழகினாலே போதும்.

அடுத்து, இறுக்கம். குரோஷாக்காரர்கள் நூலைக் கெட்டியாகப் பிடிப்பார்கள், அதோடு ஊசியின் கூரான நுனியிலேயே கண்ணியை விட்டுவிடுவார்கள். நுனி மெல்லிசு, அங்கே விட்ட கண்ணியும் மெல்லிசாக இறுகிவிடும். அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. ஒவ்வொரு கண்ணியும் ஊசியின் தடித்த தண்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். கண்ணி ஊசியில் தாராளமாக வழுக்கிப் போனால் இறுக்கம் சரி என்று அர்த்தம்.

வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றித் திருப்புங்கள். குரோஷாவில் உயரத்துக்காகப் போடும் அந்தத் திருப்பு செயின் இங்கே கிடையாது. நேராக முதல் கண்ணிக்குள் போய்விடலாம். ஆனால் திருப்பியதும் நூல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால் முதல் கண்ணி மேலே இழுபட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னிவிட்டால் வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும், துண்டு விசிறியாக விரியும். நூலை ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லா வரிசையும் நிட் பின்னினால் இரண்டு பக்கமும் மேடு மேடாக ஒரே மாதிரி வரும், சுருளாது. ஒரு மேடு இரண்டு வரிசைக்குச் சமம். எண்ணுவது சுலபம்.

முதல் வேலை: காதுப் பட்டை

22 கண்ணி ஏற்றி எல்லா வரிசையும் நிட். அகலம் ஏறக்குறைய 10 செ.மீ. வரும். 46 முதல் 48 செ.மீ. நீளம் வந்ததும் நிறுத்துங்கள். தலைச் சுற்றளவைவிடக் குறைவாகத் தோன்றும். இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். தலைச் சுற்றளவுக்கே பின்னினால் பட்டை கழுத்துக்கு இறங்கிவிடும்.

முடிப்பதற்கு மறுபடி குரோஷா ஊசியை வலது கையில் எடுங்கள். முதல் கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்து, கண்ணியை இறக்குங்கள். இரண்டாவது கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுக்கும்போது, கொக்கியில் ஏற்கெனவே இருக்கும் கண்ணிக்குள்ளும் சேர்த்தே இழுங்கள். அதாவது ஸ்லிப் ஸ்டிச், அவ்வளவுதான். தளர்வாகப் போடுங்கள். இங்கே இறுக்கினால் அந்த ஓரம் மட்டும் சுருங்கி நிற்கும். கடைசிக் கண்ணியில் நூலை வெட்டி உள்ளே இழுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்து ஸ்லிப் ஸ்டிச்சிலேயே இணைத்துவிடுங்கள். விருப்பம் இருந்தால் விளிம்பில் ஒரு சுற்று சிங்கிள் குரோஷா போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அது இழுபடும் தன்மையைக் குறைக்கும் என்பதால் நான் போடமாட்டேன்.

நழுவிய கண்ணி

"அக்கா, ஒரு கண்ணி கழண்டுடுச்சு, மொத்தமும் போச்சு" என்று பதறிக்கொண்டு வருவார்கள். மொத்தமும் போகாது. ஒரு கண்ணி நழுவினால் அது நேர்கீழாக மட்டுமே இறங்கும், பக்கத்துக் கண்ணிகளைத் தொடாது. இறங்கிய இடத்தில் குறுக்கே நூல்கள் ஏணிப்படி மாதிரி தெரியும்.

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னிய துண்டில் (பர்ல் அடுத்து வருகிறது) V தெரியும் பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பி, கீழே தொங்கும் கண்ணிக்குள் குரோஷா ஊசியை முன்னாலிருந்து விடுங்கள். அதற்கு நேர் மேலே இருக்கும் முதல் படியைக் கொக்கியில் பிடித்து உள்ளே இழுங்கள். அடுத்த படி. அதற்கடுத்த படி. செயின் போடுவதைத் தவிர வேறொன்றும் நீங்கள் செய்யவில்லை. மேலே வந்ததும் கண்ணியை இடது ஊசியில் மாட்டிவிடுங்கள். குரோஷா தெரியாதவர்கள் இதற்குப் பயந்தே எத்தனையோ பின்னலை முழுதாகப் பிரித்துவிடுகிறார்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒரு சாம்பிள் துண்டில் கண்ணியை நழுவவிட்டு ஐந்து வரிசை இறக்கி, திரும்ப ஏற்றிப் பாருங்கள். கையில் இருக்கும் பயம் அன்றோடு போய்விடும்.

பர்ல் கண்ணி

நூல் முன்னால் வர வேண்டும். வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக, பின்னாலிருந்து முன்னாக நுழையுங்கள். ஆள்காட்டி விரலை இறக்கி, நூலை ஊசியின் மேலாக, இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் படிய வையுங்கள். ஊசியைப் பின்னால் தள்ளி நூலை உள்ளே கொண்டு போய், பழைய கண்ணியை விடுங்கள்.

இங்கேதான் குரோஷாக் கை வம்பு பண்ணும். நூலை மேலாகப் போடாமல், அடியிலிருந்து வாரி எடுக்கத் தோன்றும், அது சுலபமும்கூட. அப்படி எடுத்தால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும். நேராக உட்கார்ந்த கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கும். உங்கள் கண்ணியில் இடது கால் முன்னால் இருந்தால், அடுத்த வரிசையை வழக்கம் போல் பின்னும்போது V முறுக்கிக்கொண்டு, கீழே கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டித் தெரியும். துணியும் இறுகும். பர்ல் வரிசை முடிந்ததும் ஊசியை ஒருமுறை மேலிருந்து பார்த்து, கால்கள் எப்படி நிற்கின்றன என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

20 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று ஒரு சின்னச் சதுரம் பின்னுங்கள். உங்கள் பனியன் துணி பிறந்துவிட்டது. ஓரம் சுருளட்டும்.

ரிப், பிறகு குல்லா

டிஷர்ட்டின் கழுத்துப் பட்டையை இழுத்து விடுங்கள். நிட்டும் பர்லும் ஒரே வரிசையில் மாறி மாறி வருவதுதான் ரிப். நிட் முன்னே துருத்த, பர்ல் உள்ளே ஒடுங்க, துணி தானாகச் சுருங்கிப் பிடிக்கும். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கு நடுவாக முன்னால் கொண்டு வர வேண்டும். திரும்ப நிட்டுக்குப் போகும்போது நடுவாகவே பின்னால். ஊசிக்கு மேலாகக் கொண்டுபோனால் ஓட்டையும் கூடுதல் கண்ணியும் விழும்.

குல்லாவுக்கு முன் ஒரு சாம்பிள் கட்டாயம். 8 ப்ளை நூல், 4 மி.மீ. ஊசி என்றால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னிய துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருவது வழக்கம். உங்களுக்கு 25 வந்தால் கை இறுக்கம், ஒரு சுற்றுப் பெரிய ஊசி எடுங்கள். 19 வந்தால் சின்னது. குரோஷாவில் விரிப்பு அரை அங்குலம் கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். குல்லாவில் அது கண்ணை மறைக்கும்.

பெரியவர்களுக்கு 110 கண்ணி ஏற்றுங்கள். முதல் வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல், 2 நிட் என்று கடைசிவரை. இரண்டாம் வரிசை: 2 பர்ல், பிறகு 2 நிட், 2 பர்ல் என்று கடைசிவரை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி 20 செ.மீ. வரை பின்னுங்கள். விளிம்பை மடித்துப் போட வேண்டுமானால் 25 செ.மீ. நீளமான வேலை. ஆனால் கை ஓட்டம் உண்மையில் இங்கேதான் வரும்.

உச்சிக்கு, இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே நிட்டாகப் பின்னிக்கொண்டே போனால் 55 கண்ணி ஆகும். அடுத்த வரிசை முழுக்க பர்ல். அதற்கடுத்து மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசி ஒன்றைத் தனியாக நிட் செய்தால் 28 மிஞ்சும். அரை மீட்டர் நூல் விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் (நுனி மழுங்கிய தையல் ஊசி) கோத்து, 28 கண்ணிக்குள்ளும் ஓட்டி, பின்னல் ஊசியை உருவிவிட்டுச் சுருக்குப் பை மாதிரி இழுத்துக் கட்டுங்கள்.

அதே நூலால் பக்க ஓரங்களைச் சேர்க்கலாம். வெளிப்பக்கம் பார்த்தபடி, இரண்டு ஓரத்திலும் விளிம்புக் கண்ணி ஒன்றை உள்ளே தள்ளி, அதை அடுத்திருக்கும் சின்னக் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டே இறங்குங்கள். இரண்டு பக்கமும் இரண்டு நிட்டில் முடிவதால், ஒவ்வொன்று உள்ளே போனதும் வெளியே சரியாக இரண்டு நிட் மிஞ்சி ரிப் தொடர்ந்து ஓடும். இணைப்பு இருக்கும் இடமே தெரியாது. விளிம்பை மடிப்பவர்கள் கடைசி 5 செ.மீ.யை மட்டும் உள்பக்கம் திருப்பிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். மடித்ததும் அந்தப் பக்கம்தான் வெளியே வரும்.

துவைக்க, குளிர்ந்த தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, படுக்கையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. ஒரு தடவை சூடு பட்டாலே ரிப்பின் சுருக்கம் தளர்ந்து தட்டையாகிவிடும், அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் திரும்பி வராது.